மண்டி கணினிக்கு ஒரு பெயர்: ஐபி எண் மாறினாலும் பில் நிற்காமல் இருக்க

காவேரிப்பட்டணத்தில் சித்தப்பாவின் மாங்காய் மண்டியில் மூன்று கணினிகள் உண்டு. உள்ளறையில் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப். பில் போடும் மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. எடை மேடைப் பக்கம் ஒன்று, கல்லாவில் ஒன்று என இரண்டு விண்டோஸ் கணினிகள் பிரவுசர் வழியாக அதைத் திறக்கும். 192.168.1.7 என்ற ஐபி எண்ணை, அதாவது வலையில் அந்தக் கணினியின் முகவரியை, தட்டித்தான் எல்லோருக்கும் பழக்கம்.

ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஒரு மாலை கரண்ட் போய் வந்தது. திரும்ப எழுந்த ரவுட்டர் அந்த 7-ஐக் கல்லாக் கணினிக்குக் கொடுத்துவிட்டது. "தம்பி, பில் வரமாட்டேங்குது, கூழ் ஃபேக்டரிக்குப் போற லாரி நிக்குது" என்று சித்தப்பா போன் செய்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அன்றிரவு செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் கணினிப் பெயரையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் எண்ணை மாறாமல் நிறுத்துங்கள்

எண் ஓடிக்கொண்டே இருந்தால் பெயர் வைத்துப் பயனில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' என்று இருக்கும். உபுண்டு கணினியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) கொடுத்து 192.168.1.50 என்று ஒதுக்கினேன். கணினிக்குள்ளேயே நிலையான எண் போடலாம்தான். ஆனால் அதே எண்ணை ரவுட்டர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். எண் கொடுப்பவரிடமே சொல்லி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரு கணினியில் வயருக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைக் கொடுங்கள்.

உபுண்டு கணினிக்குப் பெயர்

எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, இவை மட்டும் போதும். அடிக்கோடு வேண்டாம். நான் 'மண்டி' என்று வைத்தேன்.

பெயர் மாற்றும் முன்பே 'சுடோ நானோ' (நிர்வாகி அதிகாரத்தோடு எடிட்டரைத் திறப்பது) கொடுத்து, இடிசி கோப்புறைக்குள் இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறங்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று கணினி பார்த்துக்கொள்ளும் பட்டியல் அது. 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் பழைய பெயர் இருக்கும். அதை 'மண்டி' என மாற்றிச் சேவ் செய்யுங்கள். அப்புறம் 'சுடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் மண்டி' என்று கொடுங்கள். இந்தக் கட்டளை ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் தொடாது. அதனால்தான் பலருக்கும் பெயர் மாற்றிய பிறகு சுடோ கொடுக்கும்போதெல்லாம் 'ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற செய்தி வருகிறது.

விண்டோஸ் கணினிகளில்

நோட்பேடை 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். இல்லாவிட்டால் சேவ் ஆகாது. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் கோப்புறை காலியாகத் தெரியும். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் ஹோஸ்ட்ஸ் தென்படும். கடைசி வரியில் இப்படி எழுதுங்கள்:

192.168.1.50 மண்டி

எண் முதலில், இடைவெளி, பிறகு பெயர். சேவ் செய்த பிறகு ஃபைலின் வால் பகுதியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் வால் மறைந்திருந்தால் 'வியூ' போய்க் காட்டச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் விண்டோஸ் அதைப் படிக்காது. நான் நோட்பேட் பிளஸ் பிளஸ்தான் பயன்படுத்துகிறேன். அதில் இந்த வால் தொல்லை எனக்கு வந்ததில்லை.

இந்த ஃபைலுக்கு ஒரு பரம்பரை உண்டு. பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைக்கும் வரை, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டின் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது. வலை பெருகப் பெருகப் பட்டியலால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் மூன்று கணினி உள்ள மண்டிக்கு இன்றும் அதுவே தாராளம். இதற்கென்று தனி டிஎன்எஸ் செர்வர் நிறுவச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

நான்கு மணி நேரம் போன இடம்

மேலே சொன்னதெல்லாம் அரை மணி வேலை. ஒன்பது மணிக்கு முடித்துவிட்டு, சரிபார்ப்பதற்காகக் கல்லாக் கணினியில், பெயருக்கு எண் கேட்கும் 'என்எஸ்லுக்அப் மண்டி' கட்டளையைக் கொடுத்தேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தது. எழுத்துப் பிழையா? இடைவெளிக்குப் பதில் டேப் போட வேண்டுமா? ஃபைல் அனுமதியா? ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கணினியை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி என்எஸ்லுக்அப். மறுபடி இல்லை. என்னுடைய உபுண்டு லேப்டாப்பில் அதே வரியை எழுதி அதே கட்டளையைக் கொடுத்தால் 192.168.1.50 என்று சரியாக வந்தது. அதனால் விண்டோஸ் பக்கம்தான் கோளாறு என்று உறுதியாக நம்பினேன்.

மணி ஒன்றை நெருங்கும்போது சலித்துப்போய் பிரவுசரையே திறந்து பார்த்தேன். பில் பக்கம் வந்து நின்றது. முதல் தடவை சேவ் செய்தபோதே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

என்எஸ்லுக்அப் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்ப்பதே இல்லை. நேராக டிஎன்எஸ் செர்வரிடம் போய்க் கேட்கும். எங்கள் ரவுட்டருக்கு 'மண்டி' என்றால் என்னவென்று தெரியாது, இல்லை என்று சொன்னது. உபுண்டுவில் மட்டும் ஏன் வந்தது? அங்கே 127.0.0.53-ல் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. என்எஸ்லுக்அப் அதனிடம்தான் கேட்கிறது. அந்தச் சேவை ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் படித்துப் பதில் சொல்லிவிடுகிறது.

ஆகவே பிரவுசர் போகும் வழியிலேயே போய்ச் சோதியுங்கள். விண்டோஸில் 'பிங் மண்டி', லினக்ஸில் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் மண்டி'. பிங்கில் பதில் வருகிறதா என்பதைவிட, முதல் வரியில் எந்த எண் வருகிறது என்பதைப் பாருங்கள். எண் சரியாக இருந்து பதில் வரவில்லை என்றால் அது ஃபயர்வால் சங்கதி. பெயர் வேலை முடிந்துவிட்டது.

பின்சேர்க்கை 1

'மண்டி' என்று தட்டினால் கூகுள் தேடலுக்குப் போகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புள்ளி இல்லாத ஒற்றைச் சொல்லைப் பிரவுசர் தேடல் சொல்லாக எடுத்துக்கொள்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு சேர்த்துத் தட்டுங்கள். ஒரு முறை திறந்ததும் புக்மார்க் வைத்துவிட்டால் கடையில் யாரும் தட்டவே வேண்டாம்.

பின்சேர்க்கை 2

ஒருவர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எண்ணோடு 8080 என்ற போர்ட்டையும் (மென்பொருளின் வாசல் எண்) சேர்த்து எழுதி, வரவில்லை என்றார். அந்த ஃபைலில் போர்ட்டுக்கு இடமில்லை. அதைப் பிரவுசரில், பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்துத் தட்ட வேண்டும்.

பின்சேர்க்கை 3

போனில் எப்படி என்று கேட்டவர்களுக்கு: ரூட் செய்யாத (நிர்வாகி அதிகாரம் திறக்காத) ஆண்ட்ராய்டில் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்த முடியாது. சில ரவுட்டர்களில் உள்ளூர்ப் பெயர்களைப் பதிய ஒரு பக்கம் இருக்கும். அங்கே பதிந்தால் போனுக்கும் கிடைக்கும். அப்படிப் பதியும்போது பெயரை 'டாட் லோக்கல்' என்று முடிக்காதீர்கள். அந்த முடிவு எம்டிஎன்எஸ்ஸுக்கு (செர்வர் இல்லாமல் கணினிகள் தங்களுக்குள்ளேயே பெயர் கேட்டுக்கொள்ளும் முறை) ஒதுக்கப்பட்டது; உபுண்டு அதை ரவுட்டரிடம் கேட்காமலேயே இல்லை என்று திரும்பிவிடும். 'டாட் இன்டர்னல்' என்று முடியுங்கள். தனி வலைகளுக்கென்றே 2024-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகேன் ஒதுக்கி வைத்தது அது. சித்தப்பாவின் ரவுட்டரில் அந்தப் பக்கம் இல்லை. எண்தான் இப்போது மாறுவதில்லையே, அவர் போனில் 192.168.1.50-ஐயே முகப்புத் திரையில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.