ரோமில் நடக்கக் கிளம்பும்போது பையில் ஒரு காலி பாட்டில்

ரோம் நகரத்தைக் குடும்பத்தோடு நடந்தே பார்க்கப் போகிறீர்களா? தண்ணீர் வாங்கிச் சுமக்க வேண்டாம், காலி பாட்டில் போதும். தெருவோரங்களில் ஏறக்குறைய இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய்கள் நிற்கும். வளைந்த மூக்கு வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். பெயரே ‘நசோனே’, அதாவது பெரிய மூக்கு. 1870களில் வைக்கத் தொடங்கியவை. நல்ல குடிநீர், ஜூலை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும். மூக்கு நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வில்லாக எழும்பும். அப்படியே குனிந்து குடிக்கலாம். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டால், அப்புறம் கொலோசியமெல்லாம் இரண்டாம்பட்சம்தான். சட்டை நனையும், மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும்.

கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை அறையிலேயே விட்டுவிடுங்கள். பழைய தெருக்களில் பதித்த கறுப்புக் கற்களின் இடுக்கில் சின்னச் சக்கரங்கள் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் பைதான் சரி. செருப்பும் தடித்த அடியுள்ளதாக இருக்கட்டும்.

கால் வலிக்கிறதென்று ஸ்பானியப் படிகள் என்ற பிரபலமான படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை, மீறினால் அபராதம். பக்கத்தில் ஏதாவது தேவாலயத்துக்குள் போங்கள். பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை, உள்ளே குளுமையாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அதற்கு ஒரு துப்பட்டா போதும். இப்போது தேவாலயமாக இருக்கும் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு மட்டும் 2023 முதல் டிக்கெட் உண்டு.

காபியை நின்றபடியே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடிவிடும்.