எதிரி நாட்டோடு பேசலாமா: அந்தச் செய்தியைப் படிப்பது எப்படி

ஒரு நாடு தன் பகை நாட்டோடு பேசப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லோரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். பேசினால்தானே தீரும் என்று ஒரு கட்சி. அவனோடு உட்கார்ந்தாலே அவனுக்குப் பெரிய மனுஷன் பட்டம் கொடுத்த மாதிரி என்று இன்னொரு கட்சி. ஒருவர் 1938இல் ஹிட்லரோடு பேசிய மியூனிக் என்பார், மற்றவர் 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போகவில்லையா என்பார், கடைசியில் யார் குரல் பெரிது என்பதில் போய் நிற்கும். பேசுவதா வேண்டாமா என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பேச்சுக்கு என்ன விலை, அது யார் தலையில் விழுகிறது என்று பார்க்கப் பழகினால் இந்தச் செய்திகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில், "பேசவே மாட்டோம்" என்று ஓர் அரசு சொன்னால் அதைத் தன் வாக்காளர்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். 1993 நவம்பர் 1 அன்று பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில், வட அயர்லாந்தை பிரிட்டனிலிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வோடும் அதன் அரசியல் முகமான சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸோடும் உட்கார்ந்து பேசுவது தனக்கு வயிற்றைப் புரட்டும், அதைச் செய்யமாட்டோம் என்றார். அந்த மாதம் முடிவதற்குள், அரசுக்கும் ஐ.ஆர்.ஏ.வுக்கும் இடையே ரகசியத் தொடர்பு இருந்தது பத்திரிகையில் வந்துவிட்டது. அதே காலத்தில் ஆடம்ஸின் குரலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பக்கூடத் தடை இருந்தது. 1988 முதல் 1994 வரை, திரையில் அவர் முகம் தெரியும், வாய் அசையும், வார்த்தை மட்டும் ஒரு நடிகரின் குரலில் வரும். குரலைக்கூட மக்கள் கேட்கக்கூடாது என்று தடை போட்ட அரசின் காலத்திலேயேதான் பின்வாசல் வழியாகத் தகவல் போய்வந்துகொண்டிருந்தது. 1998 ஏப்ரல் 10 அன்று பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தம் வந்தபோது அது வானத்திலிருந்து குதித்துவிடவில்லை.

எனவே தலைவர்களின் பேச்சைவிட விமானங்கள் எங்கே இறங்குகின்றன என்று பாருங்கள். அமெரிக்கா, ஈரான் விஷயமென்றால் ஓமன், கத்தார் பெயர்கள் செய்தியின் எட்டாவது பத்தியில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். 1980லிருந்து தெஹ்ரானில் அமெரிக்காவின் காரியங்களைக் கவனிப்பது சுவிட்சர்லாந்து தூதரகம்தான், அதனால் சுவிஸ் தூதர் அங்கே வெளியுறவு அமைச்சகத்துக்குப் போனார் என்று ஒரு வரி வந்தால் அதைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது, முன்நிபந்தனை. இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். 2007 ஜூலையில் சார்ல்ஸ்டனில் நடந்த அமெரிக்க ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளர் விவாதத்தில் ஒரு கேள்வி வந்தது: ஈரான், சிரியா, வெனிசுவேலா, கியூபா, வட கொரியா தலைவர்களைப் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே எந்த முன்நிபந்தனையும் இல்லாமல் சந்திப்பீர்களா? சந்திப்பேன் என்றார் ஒபாமா. அப்படி வாக்குக் கொடுக்கமாட்டேன், என்னை அவர்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்றார் ஹிலாரி கிளிண்டன். மறுநாள் ஒபாமாவின் பதிலைப் பொறுப்பில்லாதது, விவரம் தெரியாதது என்று விமர்சித்தார். சரி, அப்புறம் என்ன நடந்தது? ஒபாமா ஜெயித்தார், முதல் ஆண்டில் அந்த ஐந்து தலைவர்களோடு அப்படியொரு உச்சி மாநாடு எதுவும் நடக்கவில்லை. 2012 ஜூலையில் ஈரானியர்களோடு ரகசியமாகப் பேச ஓமன் தலைநகர் மஸ்கட் போனவர்களில் ஒருவர் ஜேக் சல்லிவன். அப்போது வெளியுறவு அமைச்சர் ஹிலாரி, சல்லிவன் அவருடைய கொள்கைப் பிரிவுத் தலைவர். விவாத மேடையில் இரண்டு துருவமாகத் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

நிபந்தனை என்று ஒன்று காதில் விழுந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: பேச்சின் முடிவில் கிடைக்கவேண்டியதையே பேச்சின் தொடக்கத்தில் கேட்கிறார்களா? யுரேனியம் செறிவூட்டுவதை முழுக்க நிறுத்தினால்தான் ஈரானோடு உட்காருவோம் என்று ஒபாமாவுக்கு முந்தைய புஷ் அரசு நெடுநாள் பிடிவாதமாக இருந்தது. அவன் அதை நிறுத்திவிட்டால் அப்புறம் பேச என்ன மிச்சம்? அந்தப் பிடிவாதத்துக்குக் கணக்கும் பார்க்கலாம். 2003இல் நூற்றுக்கணக்கில் இருந்த ஈரானின் மையவிலக்குக் கருவிகள் (யுரேனியத்தைச் செறிவூட்டுபவை) 2013இல் ஏறக்குறைய 19,000. பேசுவதால் எதிரிக்கு நேரம் கிடைக்கிறது என்பவர்களிடம், பேசாமல் இருந்த காலத்தில் அவனுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்டுவிடுங்கள். அதேசமயம் எல்லா நிபந்தனையும் சாக்கு ஆகிவிடாது. பேச்சு நடக்கும்போது குண்டு வைக்காதே என்பது நியாயமான நிபந்தனை, வட அயர்லாந்தில் அதை விடாமல் பிடித்ததால்தான் மேசை நிலைத்தது என்பது என் கருத்து.

இப்போது வரிசைக்கு வருவோம், யார் முதலில் போகிறார், தலைவரா அதிகாரியா? வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னை 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் டிரம்ப் சந்தித்தார். கையெழுத்தான அறிக்கை நாலே நாலு அம்சம். ஆனால் அதற்கப்புறம் நடந்த செய்தியாளர் சந்திப்பில், தென் கொரியாவோடு நடத்தும் ராணுவப் பயிற்சிகளை நிறுத்துவதாக டிரம்ப் அறிவித்தார், தென் கொரியாவுக்கே அது அதிர்ச்சி. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வியட்நாமின் ஹனோயில் மறுபடி சந்திப்பு. மதிய விருந்து ஏற்பாடாகியிருந்தது, கையெழுத்து விழா நிகழ்ச்சி நிரலில் இருந்தது, இரண்டுமே நடக்காமல் இருவரும் கிளம்பிப் போனார்கள். யோங்பியோன் அணு வளாகத்துக்குப் பதிலாக முக்கியமான பொருளாதாரத் தடைகளை நீக்கு என்று கிம், அது போதாது என்று டிரம்ப். இந்த இடைவெளியைக் கீழ்மட்ட அதிகாரிகள் முன்கூட்டியே பேசிக் குறைத்திருக்க வேண்டும். தலைவர் சந்திப்பு என்பது ஒரு தரம் உடைந்தால் உடைந்ததுதான், அதற்கு மேலே போய் முறையிட ஆள் கிடையாது. பேசக்கூடாது என்ற கட்சிக்கு என் ஓட்டு விழும் இடம் இதுதான்: தயாரிப்பு இல்லாத உச்சி மாநாடு எதிரிக்குப் புகைப்படத்தை இலவசமாகக் கொடுக்கிறது.

நிக்சன் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது அரைகுறையாகவே சொல்லப்படுகிறது. 1972 பிப்ரவரியில் நிக்சன் பீஜிங்கில் இறங்குவதற்கு முன்னால் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் இரண்டு தடவை போய்வந்துவிட்டார். 1971 ஜூலையில் முதல் பயணம், பாகிஸ்தான் வந்த இடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, நத்தியாகலி மலையில் ஓய்வெடுக்கிறார் என்று எல்லோரையும் நம்பவைத்துவிட்டு ராவல்பிண்டியிலிருந்து பாகிஸ்தான் விமானத்தில் பீஜிங் பறந்தார். அக்டோபரில் போனபோது வழக்கமான வழவழ அறிக்கை ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போனார். சீனப் பிரதமர் சோ என்லாய் அதை ஏற்கவில்லை. ஒத்துப்போகாத விஷயங்களை மறைக்க வேண்டாம், உன் கருத்தை நீ எழுது, என் கருத்தை நான் எழுதுகிறேன் என்ற வழியைச் சொன்னார். நிக்சன் பயணத்தின் முடிவில் வந்த ஷாங்காய் அறிக்கையை எடுத்துப் படித்தால் தெரியும், அமெரிக்கத் தரப்பு இப்படிச் சொன்னது, சீனத் தரப்பு இப்படிச் சொன்னது என்று வியட்நாம், கொரியா, தைவான் எல்லாவற்றிலும் முரண்பாடு அச்சிலேயே இருக்கிறது. ஆகவே கூட்டறிக்கை வந்தால் உடன்பாடுகளை மட்டும் எண்ணாதீர்கள். எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள், எழுதியிருந்தால் உள்ளே நிஜமாகவே பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. தூது போனவருக்குக் கூலி யார் கொடுத்தது?

சீனாவுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அதே 1971 மார்ச் 25 அன்று அவருடைய ராணுவம் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவில் கொலைவெறியாட்டம் தொடங்கியிருந்தது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் 6 அன்று தன் அலுவலகத்தாரின் எதிர்ப்பை வாஷிங்டனுக்குத் தந்தியாக அனுப்பினார், நம் அரசு கண்டிக்கக்கூட இல்லையே என்று. அவரைத்தான் அங்கிருந்து எடுத்தார்கள். ஏப்ரல் கடைசித் தேதியிட்ட ஒரு குறிப்பில் நிக்சன் தன் கையால், யாஹ்யாவை இப்போது நெருக்காதீர்கள் என்று எழுதி, 'நெருக்காதீர்கள்' என்பதற்கு அழுத்தம் கொடுத்து அடிக்கோடும் போட்டார். சீனத் தூது மட்டுமே அந்த மௌனத்துக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன், இந்தியா மீது இருந்த வெறுப்பும் பனிப்போர்க் கணக்கும் சேர்ந்துகொண்டன. ஆனால் எதிரியோடு பேசியதற்கு மகத்தான உதாரணம் என்று எல்லோரும் காட்டும் அந்தக் கைகுலுக்கலின் ரசீதில், இந்தியாவுக்கு ஓடிவந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளின் கணக்கும் இருக்கிறது. இன்றைக்கு ஒரு நாடு நடுவராக வருகிறது என்றால், அந்த நாட்டின் எந்தக் காரியத்துக்கு இப்போது திடீரென்று எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

இதோடு ஒட்டியதுதான் காலி நாற்காலி. மியூனிக் என்றாலே எதிரியோடு பேசியது தவறு என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1938 செப்டம்பர் 29 அன்று பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி தலைவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, எந்த நாட்டின் நிலம் பங்கு போடப்பட்டதோ அந்தச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிரதிநிதிகள் ஹோட்டலில் காத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு முடிந்துபோன விஷயமாகக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். ஹிட்லரோடு பேசியது இருக்கட்டும், அடுத்தவன் வீட்டை எழுதிக் கொடுத்ததுதான் அங்கே நடந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்டபோது ஆப்கானிஸ்தானின் காபூல் அரசு மேசையில் இல்லை, ஆனால் அதன் சிறையில் இருந்த 5,000 பேர் வரை விடுவிக்கப்படுவார்கள் என்று ஒப்பந்தம் சொன்னது. நான் எப்போது ஒப்புக்கொண்டேன் என்று அதிபர் அஷ்ரஃப் கனி மறுநாளே கேட்டார். கடைசியில் விடுவிக்கத்தான் வேண்டியிருந்தது, 2021 ஆகஸ்ட் 15 அன்று அவர் நாட்டைவிட்டே போனார். நமக்கு இதற்குத் தோஹா வரை போகவேண்டியதில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவும் ஜெயவர்தனாவும் கையெழுத்துப் போட்டார்கள், ஆயுதத்தைக் கீழே போடவேண்டிய புலிகள் கையெழுத்துப் போடவில்லை, ஆயுதத்தை முழுதாக ஒப்படைக்கவும் இல்லை, அக்டோபருக்குள் இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் புலிகளோடு சண்டையில் இருந்தது.

கடைசியாக, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பலர் செய்தியைப் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இரண்டைப் பாருங்கள். எப்படிச் சரிபார்ப்பார்கள் என்பது ஒன்று. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானோடு முடிந்த ஒப்பந்தத்தில் எண்கள் இருந்தன: செறிவு 3.67 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, ஐ.நா. அணுசக்தி முகமை ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். அணு ஆயுதம் அகற்றுவது, புதிய உறவு என்று எண்ணோ சரிபார்ப்போ இல்லாமல் எழுதிய சிங்கப்பூர் அறிக்கையோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதி. இன்னொன்று, உள்நாட்டில் அதற்குக் காவல் யார் என்பது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அடுத்து வரும் அதிபர் ஒரு கையெழுத்தில் இதை ரத்து செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒபாமா அதை செனட்டின் ஒப்புதல் பெறவேண்டிய உடன்படிக்கையாகக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோயிருந்தால் தேறியிருக்காது. கம்யூனிச எதிர்ப்பில் பேர் வாங்கிய நிக்சனை, சீனாவிடம் சோரம் போனார் என்று அவர் நாட்டில் எளிதில் யாரும் சொல்ல முடியவில்லை. ஒபாமாவைச் சொல்ல ஒரு கட்சியே தயாராக இருந்தது. 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொடங்கியது.