செட்டிநாட்டு விலாசத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பெயருக்கு முன்னால் வரும் இனிஷியல்தான் விலாசம். வட்டிக்கடைக் கணக்கேட்டிலும் அதுதான், அண்டா குண்டாவிலும் அதுதான்.

பெயரிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பெயரை ஒட்டி நிற்பது அப்பச்சி (அப்பா), அதற்கு முன்னால் ஐயா (அப்பாவின் அப்பா). சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் செட்டியாரைப் பாருங்கள். அந்த 'எம்.ஏ.' படித்து வாங்கிய பட்டமல்ல. 'ஏ' அவருடைய அப்பச்சி, கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948). 'எம்' ஐயா முத்தையா. அண்ணாமலையாருக்கோ 'எஸ்.ஆர்எம்.எம்.' ஒவ்வொரு தலைமுறையிலும் பின்னால் ஒன்று சேரும், முன்னால் பழையது உதிரும். ஆகவே இரண்டு வீட்டு விலாசம் வேறாக இருப்பதாலேயே உறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆங்கில எழுத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'ஆர்எம்' இரண்டு பேர் அல்ல, 'ராம.' என்ற ஒருவர். 'சிடி' சிதம்பரம், 'ஏஎல்' அழகப்பன். காரைக்குடி இராம. சுப்பையாவின் மக்களில் ஒருவர் இயக்குநர் எஸ்பி. முத்துராமன், இன்னொருவர் சுப. வீரபாண்டியன். 'எஸ்பி'யும் 'சுப.'வும் ஒரே சுப்பையாதான்! எழுத்தை எண்ணாதீர்கள், புள்ளியை எண்ணுங்கள்.

மூத்த மகனுக்கு ஐயா பெயரை இடுவது வழக்கம் என்பதால் முத்தையா, அண்ணாமலை, மறுபடி முத்தையா என்று பெயர்கள் சுற்றி வரும். பிறந்த ஆண்டைப் பக்கத்தில் எழுதாவிட்டால் ஐயாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள்.

சுவீகாரம் போனால் விலாசமே மாறும், சில சமயம் பெயரும். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், போன வீட்டில் நாராயணன் ஆனார்.

பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பில் வெட்டிய எழுத்து நல்ல சான்று. ஆனால் சீராக வந்த பாத்திரம் என்றால் அது மருமகளாய் வந்த ஆச்சியின் பிறந்த வீட்டு விலாசமாக இருக்கலாம். திருமணத்தில் எழுதிய ஒப்பந்தப் பத்திரமான இசைகுடிமானத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெண் பார்க்க விலாசம் மட்டும் போதாது. நகரத்தாரின் குலப் பிரிவைக் காட்டும் ஒன்பது நகரக் கோவில்களில் எது என்று முதலில் கேளுங்கள்; இளையாத்தங்குடி, மாத்தூர் என்றால் உட்பிரிவையும் சேர்த்துக் கேளுங்கள். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோவில்கள், ஒன்றுக்குள் ஒன்று கொள்வினை கொடுப்பினை இல்லை.