வளவுக்குள் கயோட்டி: நாயையும் பூனையையும் காக்கும் வழிகள்

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் நகரத்தை விட்டு ஒன்றிரண்டு ஏக்கர் காணியோடு வீடு வாங்கிப் போகிறவர்கள், முதல் குளிர்காலத்திலேயே கயோட்டி என்ற, நரியைப் போன்ற காட்டு விலங்கின் குரலைக் கேட்டுவிடுவார்கள். இரவில் பத்துப் பதினைந்து விலங்குகள் சேர்ந்து ஊளையிடுவது போல இருக்கும். பெரும்பாலும் அங்கே நிற்பது இரண்டு மூன்றுதான். ஒவ்வொன்றும் குரலை மாற்றி மாற்றி எழுப்புவதால் கூட்டம் பெரிதாகக் கேட்கிறது. ஊளைச் சத்தத்துக்காகப் பயப்பட வேண்டாம். கதவைத் திறந்து நீங்கள் வெளியே வந்த பிறகும் ஓடாமல் நின்று பார்க்கிற கயோட்டிக்குத்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் வளவில் தனக்கு லாபம் உண்டு, ஆபத்து இல்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. கீழே சொல்லப்படும் எல்லாமே அந்தப் பாடத்தை அழிப்பதற்கான வேலைகள்.

ஊரில் நாம் கண்ட நரியின் உறவுதான் இது, உருவம் மட்டும் பெரியது. கிழக்குக் கனடாவில் வளர்ந்த கயோட்டி பெரும்பாலும் 13 முதல் 20 கிலோ வரை இருக்கும். குளிர்கால ரோமத்தில் அதைவிடப் பெரிதாகத் தெரியும். நிமிர்ந்த பெரிய காது, ஒடுங்கிய மூஞ்சி, ஓடும்போதும் கீழே தொங்கும் வால் ஆகியவற்றை வைத்து அடையாளம் காணலாம். பனியில் காலடித் தடம் நீள்வட்டமாக, 6 - 7 சென்டிமீட்டர் நீளத்தில், ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் போகும். நாயின் தடம் வட்டமாக விரிந்து, அங்குமிங்கும் அலையும். எச்சத்தில் மயிரும் எலும்புத் துண்டும் பழவிதையும் இருக்கும். அதை வெறுங்கையால் தொடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

எந்த மாதத்தில் என்ன ஆபத்து

ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது ஆண் கயோட்டி உங்கள் பெரிய நாயைக்கூடப் போட்டியாளனாகப் பார்க்கும். ஏறக்குறைய 63 நாள் கர்ப்பத்துக்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் குட்டிகள் பிறக்கும். அதிலிருந்து ஜூலை கடைசி வரை குகையைச் சுற்றி எந்த நாய் வந்தாலும் பெற்றோர் எதிர்க்கும். குட்டிகளுக்கு இரை தேடிப் பகலிலும் அலையும், ஆகவே பகலில் கண்டவுடன் விசர் பிடித்தது என்று முடிவுகட்டக் கூடாது. செப்டெம்பருக்குப் பிறகு வளர்ந்த குட்டிகள் சொந்த இடம் தேடிப் பிரிந்து போகும். அனுபவமில்லாத இந்த இளசுகள்தான் வளவுகளுக்குள் நுழைந்து பார்க்கும்.

பூனையும் 10 கிலோவுக்குக் குறைந்த நாயும் அதற்கு வருடம் முழுவதும் இரைதான். பெரிய நாய்க்கு ஜனவரி முதல் ஜூலை வரை கூடுதல் கவனம் வேண்டும். 'ஒரு கயோட்டி ஆசை காட்டி நாயைக் கூட்டத்திடம் இழுத்துப் போகும்' என்று பலர் சொல்வார்கள். அப்படியொரு திட்டம் அதற்கு இல்லை. நாய் துரத்துகிறது, கயோட்டி தன் கூட்டத்தின் பக்கம் ஓடுகிறது, அவ்வளவுதான். நாயின் கழுத்தில் கட்டிய வார் உங்கள் கையில் இருந்தால் அது நடக்காது.

செலவில்லாத வேலைகள் முதலில்

பூனையை இரவில் வெளியே விடாதீர்கள். இதற்கு மாற்று வழி கிடையாது. வெளிக்காற்று வேண்டுமென்றால் கூரையோடு கூடிய வலைக்கூண்டு போடலாம். சிறிய நாயை விடியற்காலையிலும் மாலை மங்கிய பிறகும் சிறுநீர் கழிக்க விடும்போது நீங்களும் கூடவே போங்கள், 6 அடி வாரில் பிடித்துக்கொண்டு. இழுக்க இழுக்க நீளும் வார் வேண்டாம். 16 அடி தள்ளி நிற்கும் நாயைச் சட்டென்று உங்கள் பக்கம் இழுக்க அதில் முடியாது. வெளியே கிளம்புமுன் விளக்கைப் போட்டு, கதவைச் சத்தமாகத் திறந்து, அரை நிமிடம் வளவைப் பார்த்த பிறகு நாயை இறக்குங்கள்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு உள்ளே போவது. கட்டப்பட்ட நாய் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. இரண்டாவது, மண்ணுக்குள் கம்பி புதைத்து, நாயின் கழுத்துப்பட்டியில் அதிர்வு கொடுக்கும் 'கண்ணுக்குத் தெரியாத வேலி'. அது நாயை உள்ளே வைத்திருக்கும், கயோட்டியைத் தடுக்காது. அதன் கழுத்தில் பட்டி இல்லையே.

அடுத்தது தீனி. நாய், பூனைச் சாப்பாட்டுக் கிண்ணம் ஒரு மணி நேரம்கூட வெளியே இருக்கக் கூடாது. விழுந்த அப்பிள், பேரிக்காய்களைத் தினமும் பொறுக்குங்கள். கம்போஸ்ட் குவியலில் இறைச்சி, மீன் கழிவு, எண்ணெய் பட்ட சோறு போடாதீர்கள். பார்பிக்யூ தட்டில் வடியும் கொழுப்பைத் துடையுங்கள். குப்பையை எடுக்கும் நாள் காலையில் மட்டும் வீதிக்குக் கொண்டுபோங்கள். பலர் கவனிக்கத் தவறுவது பறவைத் தீனித் தொட்டி. கயோட்டி விதை தின்ன வருவதில்லை. விதை சிந்துகிறது, எலியும் அணிலும் முயலும் வருகின்றன, அவற்றைத் தேடி அது வருகிறது. கீழே சிந்துவதைக் கூட்ட முடியாவிட்டால் தொட்டியையே எடுத்துவிடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்க மட்டுமே உதவும், கயோட்டி அதைப் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த இரும்புவலை போடுங்கள்.

வேலி

இரண்டு ஏக்கரையும் அடைக்கத் தேவையில்லை. பின்கதவை ஒட்டி நாய் நடமாடும் பகுதியை மட்டும் நன்றாக அடையுங்கள். உயரம் குறைந்தது 6 அடி. கயோட்டி ஒரே தாவலில் அதைத் தாண்டாது. முன்கால்களை விளிம்பில் பிடித்து உடம்பை மேலே இழுத்து ஏறும். ஆகவே மேல் விளிம்பில் பிடிப்பு கிடைக்காமல் செய்வதுதான் வேலை. உருளை பொருத்தினால் கால் வைத்ததும் சுற்றி அதைக் கீழே தள்ளிவிடும். கடையில் அலுமினிய உருளை கிடைக்கிறது. வீட்டில் செய்வதென்றால் 1 அங்குலப் பிவிசி குழாயை 3 அங்குலக் குழாய்க்குள் விட்டு, உள்ளே எஃகு வடம் கோர்த்து, இரு முனையிலும் எல் வடிவத் தாங்கியில் இறுக்குங்கள். ஒவ்வொரு துண்டும் 4, 5 அடிக்கு மேல் வேண்டாம், நீண்டால் நடுவில் தொய்ந்து சுற்றாமல் நின்றுவிடும். உறைமழைக்குப் பிறகு பனிக்கட்டி படிந்தாலும் சுற்றாது, தட்டி விட வேண்டும்.

அடிப்பக்கம் அதைவிட முக்கியம், ஏனென்றால் ஏறுவதைவிடத் தோண்டி நுழைவது அதற்குச் சுலபம். 2க்கு 4 அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டிங் வலையை 24 அங்குல அகலத்தில் வெட்டி, வேலியின் வெளிப்பக்கம் தரையில் விரியுங்கள். வேலியின் அடியோடு 6 அங்குலத்துக்கு ஒரு வளையம் போட்டு இணைத்து, தரையில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கொக்கி ஆணி அடியுங்கள். ஒரு பருவத்துக்குள் புல் வளர்ந்து மூடிவிடும். வெளியே விரிக்கக் காரணம் உண்டு. கயோட்டி வேலியின் காலடியில் வந்து நின்றுதான் தோண்டும், அப்போது அது வலையின் மேலேயே நிற்கிறது. உள்ளே விரித்தால் பள்ளம் தோண்டிய பிறகுதான் வலை எதிர்ப்படும், அதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். மண் உறையுமுன், நவம்பருக்குள் இதை முடித்துவிடுங்கள்.

படலையின் அடி இடைவெளிதான் பெரும்பாலான வேலிகளின் ஓட்டை. 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கீழே ஒரு பலகையோ கொங்கிரீட் படியோ வையுங்கள். வேலியை ஒட்டி விறகு அடுக்காதீர்கள். காற்று அடித்துக் குவிக்கும் பனியும் அதே போலத்தான், 6 அடி வேலியின் காலில் 2 அடிப் பனி இறுகிக் கிடந்தால் வேலியின் உயரம் 4 அடிதான். பனி தள்ளும்போது வேலி ஓரத்தையும் தள்ளுங்கள்.

ஏற்கெனவே உள்ள வேலி தாழ்வானது என்றால், மின்வேலிக்கென்றே விற்கும் மின்பெட்டியில் இணைத்த கம்பி சேர்க்கலாம். வேலிக்கு 8 அங்குலம் வெளியே, தரையிலிருந்து 8 அங்குல உயரத்தில் ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று. 6 அடி எர்த் கம்பிகள் மூன்றை 10 அடி இடைவெளியில் அடியுங்கள். வேலியின் கடைக்கோடியில் சோதனைக் கருவி 4,000 - 5,000 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் முதலில் புல் தொடுகிறதா என்று பாருங்கள், பிறகு எர்த்தைப் பாருங்கள். மின்பெட்டியைக் குறை சொல்வது கடைசியில்தான். கீழ்க்கம்பிக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள், பனி மூடினால் அது மின்சாரத்தை மண்ணுக்குள் கசியவிட்டு மேல்கம்பியையும் பலவீனமாக்கும்.

அசைவைக் கண்டு எரியும் விளக்கும் தண்ணீர் பீய்ச்சும் கருவியும் சில வாரங்கள் உதவும். பிறகு பழகிவிடும். ஒவ்வொரு வாரமும் இடம் மாற்றினால் பலன் சற்று நீடிக்கும்.

நேருக்கு நேர் வந்தால்

ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். சிறிய நாயைக் கையில் தூக்குங்கள். கையை உயர்த்தி, கண்ணைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு அதை நோக்கி நடங்கள். ஏர் ஹார்ன், சட்டியும் அகப்பையும், பட்டென்று விரியும் குடை, ஓங்கி உதறும் கறுப்புக் குப்பைப் பை, குழாய்த் தண்ணீர் எல்லாம் பயன்படும். ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இங்கே மிக அதிகமாக நடக்கும் பிழை, பாதியில் நிறுத்துவது. அது பத்தடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்க்கும். அப்போது நீங்கள் உள்ளே போய்விட்டால், 'கொஞ்சம் பொறுத்தால் மனிதர் போய்விடுவார்' என்பதைத்தான் கற்பித்திருக்கிறீர்கள். கண்ணுக்கு மறையும் வரை விடாதீர்கள். யன்னலுக்குள் இருந்தோ காருக்குள் இருந்தோ கத்திப் பயனில்லை, அந்தச் சத்தம் மனிதரிடமிருந்து வருகிறது என்று அது காண வேண்டும். வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டுமே பயப்படும்.

இரண்டு இடங்களில் விரட்டக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, நீங்கள் கத்திய பிறகும் அது போகாமல் குரைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தால் பக்கத்தில் குகை இருக்கிறது. முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்வாங்கி, கோடை முடியும் வரை வேறு பாதையில் நடங்கள். ரோமம் உதிர்ந்து, மெலிந்து, கொட்டகையில் சுருண்டு கிடந்தால் சொறிநோய். அதை நெருங்காமல் நகரசபைக்கோ வனவிலங்கு மறுவாழ்வு நிலையத்துக்கோ அறிவியுங்கள்.

கடித்துவிட்டால்

வெளியே இரண்டு சிறிய துளைதான் தெரியும். கழுத்தையோ முதுகையோ கவ்வி உதறுவது கயோட்டியின் பழக்கம், ஆகவே தோலுக்கு அடியில் தசை கிழிந்திருக்கலாம், நெஞ்சறை துளைபட்டிருக்கலாம். சுத்தமான துவாயால் அழுத்திச் சுற்றி, அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், நாய் நன்றாக நடந்தாலும்கூட. விசர்நாய்த் தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் உடனே பூஸ்டர் தேவைப்படும். ஒன்ராறியோவில் 3 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் இந்த ஊசி சட்டப்படி கட்டாயம். உங்களைக் கடித்திருந்தால், 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

எச்சத்தைத் தொடாதே என்றதற்குக் காரணம், எக்கினோகொக்கஸ் என்ற நாடாப்புழு. தெற்கு ஒன்ராறியோவில் சோதித்த கயோட்டி, நரிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு அது இருந்தது. எலி பிடித்துத் தின்னும் நாய்க்கும் தொற்றி, அதன் மலத்தின் வழியாக மனிதரின் ஈரலுக்குப் போகக்கூடியது. உங்கள் நாய் எலி பிடிக்கும் என்றால் பிரசிகுவான்டெல் மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், சாதாரணப் பூச்சி மருந்துகள் பலவற்றில் அது இல்லை.

சுடுவதும் பிடிப்பதும்

ஒன்ராறியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், தன் சொத்துக்குச் சேதம் செய்யும் கயோட்டியை நில உரிமையாளர் விரட்டவோ கொல்லவோ அனுமதிக்கிறது. ஆனால் துப்பாக்கி வெடிக்க உங்கள் நகரசபை தடை வைத்திருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். அல்கொன்குயின் பூங்காவைச் சுற்றிய பகுதிகளில் கயோட்டிக்கும் வேட்டைத் தடை உண்டு, அங்கே வாழும் அரிய ஓநாயிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாததால். பொறியில் பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட வேண்டும், ஆகவே தூரக் காட்டில் விடும் யோசனை சரிவராது. நஞ்சு வைப்பது குற்றம், முதலில் சாவது அயலவரின் நாய்.

கண்டதையெல்லாம் சுடுவதால் தொல்லை குறையாது. ஜோடி கலைந்தால் இளம் பெண் விலங்குகளும் குட்டி போடத் தொடங்கும், வெற்றிடத்துக்கு வெளியிலிருந்து வேறு வரும். அமெரிக்காவில் மத்திய அரசின் பிரிவு ஒன்று மட்டும் ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரத்தைக் கொல்கிறது, அப்படியும் அங்கே கயோட்டி குறையவில்லை. உங்களுக்குப் பயந்து விலகியிருக்கும் ஜோடி ஒன்று பக்கத்துக் காட்டில் இருப்பது, புதியவை வராமல் தடுக்கும் காவல். விரட்டியும் போகாமல் நாயைத் தாக்க வருகிற ஒன்றை மட்டும் உரிமம் பெற்ற பொறிக்காரரிடம் ஒப்படையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, அசைவைப் படம் பிடிக்கும் கமரா ஒன்றை முழங்கால் உயரத்தில் கட்டி மூன்று வாரம் பாருங்கள். ஒரே நேரத்துக்கு ஒரே பாதையில் அது வந்துகொண்டே இருந்தால் எங்கோ தீனி கிடைக்கிறது. உங்கள் வளவில் இல்லையென்றால் பக்கத்து வளவில். அப்படியானால் படத்தை எடுத்துக்கொண்டு போய் அயலவரிடம் பேசுங்கள்.