புதைபடிவம் கண்ணில் பட்டால் முதலில் பென்சிலை எடுங்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு அம்மோனைட் கிடக்கிறது, பழங்காலக் கடலுயிரி ஒன்றின் சுருள் ஓட்டுப் புதைபடிவம். உள்ளங்கை அகலம், சுருள் துளியும் உடையவில்லை. பார்க்க அழகு, ஆய்வுக்கு உதவாது. ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் பெயர்த்தெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தது அது. ஆய்வாளர் ஒருவரிடம் பெருமையாகக் காட்டியபோது, "எந்தப் பாறை அடுக்கில் இருந்தது?" என்றுதான் முதலில் கேட்டார். திருதிருவென்று விழித்தேன்.

நீங்களும் அப்படி விழிக்காமலிருக்க, இந்த வரிசையில் செய்து பழகுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்

அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல், மணற்கல், களிப்பாறை போன்ற படிவுப் பாறைகள் இருக்கும் இடமே நமக்கு வேண்டும். கிரானைட்டில் தேடினால் வெயில்தான் மிச்சம். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள், அந்த நாட்டுச் சட்டம் எடுத்துச்செல்ல விடுகிறதா என்றும் பாருங்கள். பையில் குறிப்பேடு, பென்சில், அளவு நாடா, 10 மடங்கு கைலென்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி போதும். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்து கரைந்துவிடும்.

2. புதைபடிவம்தானா என்று பாருங்கள்

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது 'பெரணி இலை'. பாறையைப் பிளந்தால் கருப்பாக, கிளை கிளையாக, அசல் இலை போலவே இருக்கும். லென்ஸை வைத்துப் பாருங்கள். நடுநரம்பு இருக்காது, கிளைகள் ஒழுங்கில்லாமல் பிரியும், விரிசலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்ந்த மாதிரி தெரியும். அது இலையே இல்லை. விரிசல் வழியாகக் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு. நானும் ஒன்றைப் பத்திரமாகப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தவன்தான்!

3. தொடாமல் பதியுங்கள்

நாம் செய்கிற வேலையில் முக்கியமானது இதுதான். முதலில் படம். பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருக்கமாக ஒன்று, பாறை முகம் முழுதும் தெரிய தள்ளி நின்று ஒன்று. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் மேடுபள்ளம் துல்லியமாகத் தெரியும்.

அப்புறம் இடம். கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும், அதை மட்டும் நம்ப முடியாது. 'அடியிலிருந்து 2.4 மீட்டர் உயரம், சாம்பல் நிறக் களிப்பாறை, மேலே மஞ்சள் மணற்கல்' என்று அடுக்கையும் எழுதுங்கள். கீழே உதிர்ந்து கிடந்தது என்றால் 'உதிரி' என்று தவறாமல் குறியுங்கள். எந்த உயரத்திலிருந்து விழுந்ததோ, யார் கண்டது?

இவ்வளவு எதற்கு? குலையாத அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது என்று டென்மார்க் அறிவியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் எழுதினார். பட்டம் எதுவும் இல்லாத நில அளவையாளர் வில்லியம் ஸ்மித், எந்த அடுக்கில் எந்தப் படிவம் என்று பார்த்துப் பார்த்தே 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். அடுக்கு தெரியாத படிவத்தை அவராலும் எங்கேயும் பொருத்தியிருக்க முடியாது.

4. எடுப்பதா, விடுவதா

சின்னக் கிளிஞ்சல் தானாகப் பெயர்ந்து வந்தால் எடுக்கலாம். எலும்பு என்று சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் பொலபொலவென்று உதிரும். படத்தோடு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்வதே சரி. எடுத்தவற்றுக்கு அங்கேயே எண் போடுங்கள், குறிப்பேட்டிலும் அதே எண்.

5. ஆய்வாளருக்கு எழுதும்போது

படம், இடம், அடுக்கு, ஒரே ஒரு கேள்வி. 'என்ன விலை போகும்' என்று கேட்டால் பதில் வருவது சந்தேகம்தான். புதிய இனம் என்று தெரியவந்தால் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவும் தயாராக இருங்கள்.

1957-இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டில் ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர், இலை போன்ற ஒரு பதிவைப் பாறையில் பார்த்தார். பெயர்க்கவில்லை. மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, நிலவியலாளர் டிரெவர் ஃபோர்டிடம் போனது. அவர் நேரில் போய்ப் பார்த்தார். அது 55 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த உயிரினம். முந்தைய ஆண்டே டினா நீகஸ் என்ற மாணவி அதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பழைய பாறையில் படிவம் இருக்காது என்று ஆசிரியர் தட்டிக்கழித்துவிட்டார். 1958-இல் ஃபோர்டு வைத்த பெயர் சார்னியா மேசோனி.