துவக்குப் பிடி செதுக்க எந்த மரம், என்னென்ன சாமான்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் பயிர்காவலுக்கு லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய 12 போர் (bore) துவக்குகளில், அதாவது சன்னம் சுடும் துப்பாக்கிகளில், இரும்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கும். தோளில் முட்டுக்கொடுக்கும் மரப்பிடிதான் கழுத்தில், கை பிடிக்கும் மெல்லிய இடத்தில், வெடித்து, கம்பி சுற்றிக் கிடக்கும். அதைத் தோளில் வைத்துச் சுடுவது ஆபத்து, புதுப்பிடி செதுக்கிவிடுங்கள். லைசன்ஸ்காரர் பக்கத்தில் இருந்தால்தான் நான் இந்த வேலையைத் தொடுவேன். தோட்டா இல்லை என்று திறந்து காட்டி, அவரே இரும்பைக் கழற்றித் தரவேண்டும். பின்னேரம் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். கட்டுத்துவக்கு, அதாவது மிருகத்துக்குப் பொறியாகக் கட்டும் கள்ளத் துவக்கு என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மரத்துக்கு வருவோம். வெளிநாட்டில் இதற்கு வால்நட் எடுப்பார்கள். அது நமக்குக் கிடைக்காது. நான் தேடுவது சமண்டலை. வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறி, அங்கே அலையடிக்கும் கரையில் ஓடும் படகுகளுக்குப் போன மரம் இதுதான். அடி தாங்கும், வளைந்து கொடுக்கும். முதிரை பார்க்க அழகு, ஆனால் பாரம் கூட, கை சோர்ந்துவிடும். தேக்கு நெளியாது, ஆனால் மெல்லிய கழுத்தில் சட்டென்று முறியும். மகாகனி பரவாயில்லை, தட்டுப்பட்டால் தழும்பு விழும், அவ்வளவுதான். காட்டில் போய் வெட்டாதீர்கள். பழைய மாட்டுவண்டிச் சட்டமோ, கழற்றிய வீட்டுக் கூரை வளையோ கிடைத்தால் அதுவே மேல், காய்ந்து முடிந்த மரம். பச்சைப்பலகை என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காயவேண்டும்.

துண்டு 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம், இரண்டரை அங்குலக் கனம் இருந்தால் போதும். பழைய பிடியைக் கடதாசி மட்டையில் வரைந்து வெட்டி, அந்த அச்சைப் பலகைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மரத்தின் நார் ரேகை கழுத்து வழியாக அறுபடாமல் ஓடவேண்டும். குறுக்கே வெட்டுப்பட்டால் எவ்வளவு நல்ல மரமானாலும் அங்கேதான் உடையும். பின்பக்கம் ரேகை எப்படிப் போனாலும் பரவாயில்லை. இதற்கு அரை நாள் போனாலும் போகட்டும்.

சாமான் அதிகம் வேண்டாம். கைவாள், கால் அங்குலமும் அரை அங்குலமும் உள்ள உளிகள், குழிவான வாயுள்ள ஒரு நகவுளி, கொட்டாப்புளி, மர அரம், சீவுளி, நல்ல கூர்க்கல். வெளி உருவத்தை வாய்ச்சியால் கொத்தலாம், கை பழகியிருந்தால் மட்டும்.

வெளியைச் செதுக்க முந்தாதீர்கள், பலகை சதுரமாக இருக்கும்போதே இரும்பு உட்காரும் குழியை வெட்டுங்கள். மண்ணெண்ணெய் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லப் பூசி, குழியில் வைத்து அழுத்தி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டுங்கள். மறுபடி வைத்துப் பாருங்கள், மறுபடி சுரண்டுங்கள். கறுப்பு எங்கும் ஒரே மாதிரிப் படியும் வரை இதே வேலைதான். இரும்பின் பின்னால் நீண்டு கழுத்துக்குள் இறங்கும் பின்வால் முடியும் இடத்தில் மட்டும் ஒரு தடித்த கடதாசி அளவு இடைவெளி விடுங்கள். அங்கே முட்டினால் சுடும்போது வரும் உதைப்பில் வால் ஆப்பு மாதிரி இறங்கி மரத்தைப் பிளந்துவிடும்.

அப்புறம் வெளி உருவம். அரத்தால் தேய்த்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, அரத்தாள் போட்டு முடியுங்கள். தேங்காய் எண்ணெய் பூசவேண்டாம், அது காயாது, பிசுபிசுத்து நாறும். லின்சீட் ஒயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்தான் சரி. மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. துடைத்த துணியைச் சுருட்டிப் பட்டறை மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள். மாரியில் ஊதிய மரம் வறண்ட கச்சான் காற்றில் சுருங்கும், அப்போது திருகாணிகளை ஒருமுறை இறுக்கவேண்டும்.