இந்த வெயிலில் நாயைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள்

முறிகண்டியில் நிற்காமல் போகும் வாகனம் அபூர்வம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏ9 வீதியில் பயணம் தொடரும். இப்போது வீட்டு நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாயைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டு, "இந்தா வந்திடுறம்" என்று அதற்கும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பாசமாக வளர்க்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். வீட்டில் தனியே விட மனம் வராமல்தானே கூட்டி வந்திருக்கிறார்கள். ஆனால் வன்னியில் பகல் நேரத்தில் நாயைத் தனியே காருக்குள் விடலாமா என்று கேட்டால், கூடாது என்பதுதான் என் பதில். ஐந்து நிமிஷத்துக்கும் கூடாது.

ஏனென்றால் அந்த ஐந்து நிமிஷம் ஒருநாளும் ஐந்து நிமிஷமாக இருப்பதில்லை. தேங்காய் உடைப்பது கெதியாக முடிந்துவிடும், சரி. அப்புறம் கச்சான் கடையில் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று பார்சல் கட்டுவோம். அம்மம்மா கழிப்பறைக்குப் போனால் அங்கே வரிசை. "எப்ப வந்தனீங்கள்?" என்று தெரிந்தவர் ஒருவர் எதிரே வருவார். அரை மணித்தியாலம் எங்கே போனதென்றே தெரியாது. காருக்குள் சூடு ஏறுவதும் அந்த அரை மணித்தியாலத்தில்தான். 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் கூடியது. அதில் 80 வீதம் முதல் அரை மணித்தியாலத்திலேயே கூடிவிட்டது. வெளியே 22 பாகை மட்டுமே இருந்தபோதும் உள்ளே 47 வரை ஏறலாம் என்று கண்டார்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சித்திரை மாத மதியத்தில் 34, 35 பாகை சாதாரணம். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டால் காற்றோட்டம் இருக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. அதே ஆய்வில் இதையும் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணாடி வழியே வரும் வெயில் டாஷ்போர்டையும் சீற்றையும் சூடாக்கும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் காற்றுக்கு ஏறும். இரண்டு விரல் இடைவெளியால் அது வெளியேறி முடியாது. வெயிலில் நின்ற காரைத் திறந்து ஸ்டியரிங்கைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறோமே, அந்தச் சூட்டுக்குள்தான் நாய் இருக்கிறது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு முக்கியமாகப் பாதங்களில் மட்டும்தான் வியர்வை, அது போதவே போதாது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் அது உடம்பைக் குளிர வைக்கிறது. பூட்டிய காருக்குள் அது விடும் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் எவ்வளவு இளைத்தாலும் பயனில்லை. நாயின் வழக்கமான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், வயதானவை, கொழுத்தவை எல்லாம் இன்னும் விரைவில் விழுந்துவிடும்.

மர நிழலை நம்பியும் விடாதீர்கள். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவர்கள் நல்ல நிழல் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். பூசை முடிந்து வரும்போது நிழல் மற்றப் பக்கம் போயிருக்கும். சோளகம் வீசும் மாதங்களில் நிழலிலும் அனல்தான். ஏசியைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டுப் போவதும் சரிவராது. இஞ்சின் நின்றால், ஏசி வேலை செய்யாமல் போனால், உள்ளே இருக்கும் நாயால் யாரிடம் சொல்ல முடியும்?

பட்டா என்ற சின்ன லொறியிலும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலும் நாயைக் கட்டி வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். திறந்த வாகனம்தானே என்று நினைப்போம். ஆனால் இரும்புத் தட்டு கொதிக்கும். நாய் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கினால் பாதம் சுடுகிறது என்று அர்த்தம். கயிறும் கட்டையாக இருந்தால் அதனால் ஒதுங்கவும் முடியாது.

செய்யக்கூடியது மிகச் சுலபம். ஒருவர் நாயோடு வெளியே மரத்தடியில் நிற்கட்டும், கையில் ஒரு கிண்ணம் தண்ணீரோடு. மற்றவர்கள் வந்ததும் அவர் போய்க் கும்பிட்டுவிட்டு வரட்டும். தனியே ஓட்டிப் போகிறவர் நாயை வீட்டிலேயே, தெரிந்தவர் பொறுப்பில் விட்டுப் போவதுதான் நல்லது.

வேறு யாருடைய காருக்குள்ளாவது நாய் தவிப்பதைக் கண்டால் வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லுங்கள். ஆளைத் தேடி அலைவதைவிட அது விரைவு. பக்கத்தில் பொலிஸார் நின்றால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

விடாமல் இளைப்பது, எச்சில் தடித்து நூலாக வடிவது, பல் முரசு கடும் சிவப்பாக மாறுவது, தள்ளாடுவது எல்லாம் வெப்பத் தாக்கத்தின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியால் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மயங்கிய நாயின் வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. எழும்பி வாலை ஆட்டினாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் வரும் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியவரலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் சனி, ஞாயிறிலும் லீவு நாளிலும் திறந்திருக்காது, நாம் ஊருக்குப் போவதோ அந்த நாட்களில்தான். ஆகவே வெளிக்கிடும் முன்பே, போகும் வழியில் லீவு நாளிலும் வரக்கூடிய ஒரு வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை விசாரித்துப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.